பழைய அளவுக்கே தைத்தது

தோமோயோவுக்குக் கை நீட்டுகிற பழக்கம் உண்டு என்பது ஓமயேசாகி துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். இருபது வருஷமாகச் சூரை மீன் கொட்டகையில் தலை வெட்டுகிறவள். இரண்டும் ஆம்பிளைத் தோள். எடையில் ஏமாற்றிய லாரிக்காரன் ஒருவனைப் பனிக்கட்டித் தொட்டிக்குள் தலைகீழாகத் தள்ளியிருக்கிறாள். கட்டிய புருஷன் மூன்றே வருஷத்தில் ஒரு காது மந்தமாகி ஊரை விட்டுப் போனான். தப்பு அவன் பேரில்தான் என்று ஊர் இன்றைக்கும் சொல்கிறது. நியாயத்தைப் பார்த்துச் சொல்கிறதா, அவள் கையைப் பார்த்துச் சொல்கிறதா என்று நான் கேட்கப் போவதில்லை. அந்தக் கையால் அதிகம் வாங்கியவன் தம்பி ஷூஜி. அவனுக்கு ஒன்பது வயதில் அம்மா போனதிலிருந்து சோறு போட்டதும் அவள், அடித்ததும் அவள்.

அந்த ஷூஜி போன ஜனவரியில் கடலில் விண்ட்சர்ஃபிங் ஓட்டப் போய்ச் செத்தான். பலகையையும் பாய்மரத்தையும் இணைக்கிற ரப்பர் மூட்டு அறுந்துபோய், மேற்குக் காற்று அவனை முனையைத் தாண்டி வெளிக்கடலுக்குத் தள்ளிவிட்டது. அதே மதியம், அதே காற்றில், ஹமாமட்சு பல் டாக்டர் நிஷியோவின் பாயும் கிழிந்தது. இரண்டு பேரும் மூன்றரை மணி நேரம் மிதந்தார்கள். நிஷியோவைத் தூக்கிய படகுதான் பத்து நிமிஷம் கழித்து ஷூஜியையும் தூக்கியது. நிஷியோ அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து சுடச்சுட ஓதென் குழம்பு சாப்பிட்டார். ஷூஜி குளிருக்குப் போட்டிருந்த ரப்பர் உடைக்குள் இரண்டு காலிலும் குடம் குடமாகத் தண்ணீர். "உடை ஆளுக்குப் பெரிசா இருக்கேம்மா" என்று படகுக்காரர் ஒருவர் சொன்னது தோமோயோவின் காதில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது.

ஏனென்றால் அந்த உடையை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். இந்த ஊரில் கடையில் தொங்குவதை எடுத்துப் போட்டுக்கொள்வது வெளியூர்க்காரன் வேலை. உள்ளூர்க்காரனுக்கு உடம்பில் இருபத்தாறு இடத்தில் அளவெடுத்துத் தைப்பார்கள். அளவுச் சீட்டு கடையிலேயே இருக்கும். அடுத்த உடைக்கு ஒரு ஃபோன் போதும். முந்தின ஜூனில் ஷூஜிக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகி, பதினோரு கிலோ இறங்கிப் பிழைத்து வந்தான். அந்தச் சந்தோஷத்தில் அக்டோபரில் தோமோயோ கடைக்கு ஃபோன் செய்து, "அவனுக்குத் தெரிய வேண்டாம், பழைய அளவுக்கே தைச்சிடுங்க" என்று சொன்னாள். பதினோரு கிலோ அவள் ஞாபகத்தில் வரவில்லை. தினமும் சோறு போடுகிற கண்ணுக்குத் தம்பி தேறிக்கொண்டே இருந்தான்.

கடைக்காரர் கியோசவா அதற்கு மறு கேள்வி கேட்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை, "ஆள் எப்படி இருக்கான்?" என்று கேட்டிருக்கலாம். உடை வந்தபிறகு ஷூஜி அவர் கடை வாசலில் நின்றுதானே தினமும் கடலுக்குப் போனான்? பார்த்திருப்பார் அல்லவா? பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார் என்றால் கொன்றவர் அவர். பார்க்கவே இல்லை என்றால் கொன்றவள் அவள். ஒரு வருஷமாகத் தோமோயோ இந்த இரண்டுக்கும் நடுவில் தூங்காமல் கிடந்தாள். கடைசியில் தம்பியின் உடையை ஒரு பையில் திணித்துக்கொண்டு, கொட்டகையில் போடுகிற மார்பு வரைக்கும் வரும் ரப்பர் கால்சட்டையைக்கூடக் கழற்றாமல், கியோசவாவின் வாயிலிருந்து 'தப்பு என்னோடது' என்கிற ஒரு வாக்கியத்தைப் பிடுங்கிவரக் கிளம்பினாள்.

கடைக் கதவைத் தள்ளியபோது காற்று அவளுக்கு முன்னால் உள்ளே பாய்ந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பல் டாக்டர் நிஷியோ வெறும் ஜட்டியோடு கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். கியோசவா அவர் மார்பைச் சுற்றி நாடா போட்டு அளந்துகொண்டிருந்தார். கியோசவாவுக்கு ஐம்பத்தேழு வயது, காய்ந்த கருவாடு மாதிரி உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி.

"உள்ள தண்ணியே வராத டிரை சூட்டே வாங்கிடலாமேன்னு பாக்கறேன்" என்றார் நிஷியோ. "உள்ளாற ஸ்வெட்டரே போட்டுக்கலாமாமே?"

"போட்டுக்கலாம். ஆனா கழுத்துப் பட்டை கிழிஞ்சா கதை முடிஞ்சுது டாக்டர், கோணிப்பை மாதிரி ரொம்பிடும். நீங்க நிமிஷத்துக்கு ஒரு தரம் விழற ஆளு. உடம்புக்கு அஞ்சு மில்லி தடிமன், தோளுக்கு மூணு, முன்கைக்கு ரெண்டே ரெண்டு."

"முன்கை குளிருமேய்யா?"

"குளிரட்டும். அங்க தடிமனா வெச்சா பத்து நிமிஷத்துல நரம்பு இறுகிக் கை மரக்கட்டை ஆயிடும், பிடி விட்டுரும். முஷ்டியை மடக்குங்க. இன்னும். மடக்கினபடியேதான் அளக்கணும்."

"என்னத்துக்கு இவ்வளவு பாடு? போன வருஷ அளவுதான் உங்ககிட்டே இருக்கே!"

"பழைய அளவுக்கு இப்பல்லாம் நான் தைக்கறதில்ல" என்றார் கியோசவா, நாடாவைப் பார்த்தபடியே. "ரெண்டு கிலோ இறங்கினாலே முதுகு வழியாத் தண்ணி பூந்துடும்."

தோமோயோவுக்குக் காது அடைத்துப்போனது. இப்போது பழைய அளவுக்குத் தைப்பதில்லையாம். இப்போது ஞானம் வந்துவிட்டதாம். ஆள் செத்தபிறகு வந்த ஞானத்தை ஜட்டியோடு நிற்கிற பல் டாக்டருக்குப் பந்தி வைக்கிறான். கதவோரத்தில் பாய்மரத்தின் அடியில் செருகுகிற அலுமினியக் குழாய்கள் ஒரு வாளியில் நின்றன. முழங்கை நீளத்தில் ஒன்றை உருவினாள்.

"என் தம்பிக்கு ஏன்யா புது அளவு எடுக்கல?"

கியோசவா திரும்பினார். "தோமோயோ சான்" என்று மரியாதையாகத்தான் வாயைத் திறந்தார். மூடுவதற்குள் குழாய் அவர் கன்னத்தில் இறங்கியது. கண்ணாடி பறந்து சுவரில் மோதியது. அவர் மேசை மேல் சாய, அளவுச் சீட்டுப் பெட்டி கவிழ்ந்து காகிதங்கள் கடை முழுக்கக் காற்றில் சுழன்றன. இரண்டாவது அடி தோள் எலும்பில் விழுந்தது. எலும்பு சத்தம் போட்டது எல்லோருக்கும் கேட்டது.

"ஏய், ஏய், பைத்தியமா உனக்கு!" என்று நிஷியோ பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கட்டிப்பிடித்தார். அவள் திரும்பிப் பார்க்காமலே முழங்கையைப் பின்னால் செலுத்தினாள். முன்பல் ஒன்று அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது. பிறர் பல்லைப் பிடுங்கியே வீடு கட்டிய மனிதர், தன் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தரையில் உட்கார்ந்தார்.

"நீ பேசாதே. நீ உசிரோட வந்த ஆளு" என்றாள் அவரிடம்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், ஒரு வருஷமாகவே குனிந்துதான் இருந்தார்.

தோமோயோ கியோசவாவின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். அவர் வாயிலிருந்து ரத்தம் மோவாயில் வழிந்தது. கையைக்கூட உயர்த்தவில்லை அவர். அது அவள் ஆத்திரத்தை இன்னும் கிளறியது. யோக்கியன் என்றால் திருப்பி அடிப்பான். குற்றவாளிதான் இப்படி வாங்கிக்கொண்டு நிற்பான் என்று தோன்றியது அவளுக்கு.

"இன்னிக்கு இந்தக் காத்துல கடல்ல இறங்கணும்னா நீ எதைப் போடுவே? காட்டு!"

தொழில் புத்தி போகுமா? உடைந்த தாடையோடும் மனிதர் விரலை நீட்டினார். "அந்தக் கடைசில தொங்கறது. என் அளவு."

"அது வேணாம்." பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். கறுப்பு உடை பொத்தென்று தரையில் விழுந்தது. கழுத்தின் உள்பக்கம் ஷூஜியின் பேர் தைத்திருந்தது. "இதைப் போடு. நீ தைச்சதுதானே? போட்டுக்கிட்டு வா."

கியோசவா அந்த உடையைப் பார்த்தார். பிறகு ஒரே கையால் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார். மற்ற கை தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவள்தான் பிடித்துத் துணி மூட்டையைத் திணிப்பதுபோல உடைக்குள் திணித்தாள். அவர் அலறினார். முதுகு ஜிப்பை இழுத்து மூடியபோது முதுகில் ஒரு பிடி ரப்பர் சும்மா தொங்கியது.

"போலீஸைக் கூப்பிடறேன்!" என்றார் நிஷியோ, பல் போன இடத்தில் காற்று சீறியபடி.

"போலீஸ் கீலீஸ்னு போனீங்கன்னா உங்க ஆர்டரைக் கிழிச்சுப் போட்டுடுவேன்" என்றார் கியோசவா. "சும்மா இருங்க டாக்டர். இது எங்களுக்குள்ள."

ரோட்டைத் தாண்டினால் கடல். மணல் முகத்தில் ஊசியாகக் குத்தியது. அந்தக் காற்றில் அன்றைக்குப் பலகை எடுக்க எவனுக்கும் தைரியம் வரவில்லை. கரை காலியாக இருந்தது. தோமோயோ அவரைக் கழுத்துக்குப் பின்னால் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனாள். நிஷியோ ஜட்டிக்கு மேல் ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார்.

முழங்கால் ஆழத்தில் முதல் அலை கியோசவாவைத் தள்ளியது. இடுப்பு ஆழத்தில் கழுத்து வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியது. அவர் உடம்பு விறைத்து வாய் ஆவென்று திறந்ததைத் தோமோயோ பக்கத்தில் நின்று பார்த்தாள். கால்கள் இரண்டும் ஊறிய தலையணை மாதிரி உப்பின. அடுத்த அடி எடுத்து வைக்க அவரால் முடியவில்லை. தம்பியும் இப்படித்தான் இருந்திருப்பான் என்று நினைத்தாள். மூன்றரை மணி நேரம்.

தலைமயிரைப் பிடித்து அவரை உள்ளே அமுக்கினாள். அவர் கை காலை உதறினார். பத்து எண்ணித் தூக்கினாள்.

"இந்த உடையோட அவனைப் பாத்தியா, இல்லியா?"

அவர் இருமினார். மறுபடி அமுக்கினாள். இந்த முறை இருபது. தூக்கியபோது அவர் உதடு நீலமாகியிருந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"பெரிசா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"பாத்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தியா?"

"இருந்தேன்" என்றார் கியோசவா. பற்கள் தடதடவென்று அடித்துக்கொண்டன. "தப்பு என்னோடதுதான். போதுமா?"

கேட்டு வந்த வாக்கியம் கிடைத்துவிட்டது. ஒரு வருஷத் தூக்கம் அதில் இருக்கும் என்று நம்பியிருந்தாள். அதில் ஒன்றும் இல்லை. நெஞ்சில் இருந்த பாரம் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. அதனால் வெறி இரண்டு மடங்காயிற்று. "போதுமாவா கேக்கறே?" என்று அவர் முகத்தில் முஷ்டியால் குத்தினாள். மூக்கு ஒரு பக்கமாக மடங்கியது. இந்தத் தடவை எண்ணப் போவதில்லை என்று தீர்மானித்து இரண்டு கையாலும் அவரைத் தண்ணீருக்குள் அழுத்தினாள்.

கடலுக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பது துறைமுகத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அவள் காட்டிக்கொண்டு நின்றாள். பின்னாலிருந்து வந்த அலை அவள் தலைக்கு மேல் உடைந்தது. மார்பு வரைக்கும் இருந்த ரப்பர் கால்சட்டைக்குள் ஒரே மூச்சில் கடல் புகுந்தது. எழுந்து நிற்கப் பார்த்தாள்; கால்கள் கட்டிப்போட்டதுபோல மணலோடு இருந்தன. இன்னொரு அலை. வாயில் மணல், மூக்கில் உப்பு. மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை.

யாரோ அவள் கூந்தலைப் பிடித்து இழுத்தார்கள். தோள்பட்டை வாரை அறுத்தார்கள். கால்சட்டை கழன்று போனது. பிறகு அடுத்த அலையே இரண்டு பேரையும் ஒன்றாகத் தூக்கிக் கரையில் அறைந்தது. நிஷியோ ஓடி வந்து ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்து மணலில் இழுத்துப் போட்டார். தோமோயோ வாந்தி எடுத்தாள். நிமிர்ந்து பார்த்தபோது, நல்ல கையில் அவளுடைய கூந்தலை இன்னும் விடாமல் பிடித்தபடி கியோசவா பக்கத்தில் கிடந்தார். வாரை அறுத்தது அவர் பல்தான்; வாயெல்லாம் கிழிந்து கிடந்தது.

காப்பாற்றியவன் மேல் நன்றி வர வேண்டும். அவளுக்கு வரவில்லை. என் தம்பியைச் சாகவிட்டவன் என்னை எதற்குத் தூக்கினான் என்று கேட்டது மனசு. தவழ்ந்துபோய் மணலில் கிடந்த ஒரு கல்லை எடுத்தாள். தேங்காய் அளவு இருந்தது. அவர் மார்பின் மேல் ஏறி உட்கார்ந்து அதை ஓங்கினாள். கியோசவா கண்ணை மூடிக்கொண்டார்.

"கிளிப் போட்டது நானும்தான்!" என்று கத்தினார் நிஷியோ.

கல் மேலேயே நின்றது.

"டாக்டர், வாயை மூடுங்க" என்றார் கியோசவா கண்ணைத் திறக்காமல்.

"மூட மாட்டேன். நீங்க வாக்குக் குடுத்தீங்க, நான் குடுக்கல. மண்டையைப் பொளக்கப் போறா, இன்னும் என்னய்யா வாக்கு?" நிஷியோ மணலில் மண்டி போட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். குளிரிலும் பயத்திலும் அவர் குரல் கீச்சென்றது. "டிசம்பர் கடைசில உடை வந்த மறுநாளே உன் தம்பி கடைக்கு வந்தான். போட்டுப் பாத்தான். நானும் அங்கதான் இருந்தேன். கியோசவா சான் முதல் வார்த்தையே, 'கழட்டுடா, இது உசிருக்கு ஆபத்து, திருப்பி அனுப்பிச் சின்னதாக்கறேன், மூணு வாரம் ஆகும்'னுதான் சொன்னாரு. அவன்தான் மாட்டேன்னான். 'அக்கா ஆசை ஆசையா வாங்கிக் குடுத்திருக்கா, புது வருஷ லீவுல நான் இதைப் போட்டு ஓட்டறதைப் பாக்க வரா. சின்னதாக்கறோம்னு தெரிஞ்சா தாங்க மாட்டா. அவ வேலைக்குத் திரும்பினப்புறம் சத்தமில்லாம அனுப்பிடலாம். அதுக்குள்ள நானே தின்னு ஊதிடுவேன்'னான்."

தோமோயோ கல்லை இன்னும் இறக்கவில்லை. காற்று ஈரத் துணியை உடம்போடு ஒட்டி அறைந்துகொண்டிருந்தது.

"நீ வந்தே. லீவுல, மூணாந்தேதி" என்றார் நிஷியோ. "இடுப்புப் பட்டை கட்டினதுல கீழ மறைஞ்சுபோச்சு. முதுகுதான் மறையல. துணிக்கடைல பொம்மைக்கு மாட்டுவாங்களே, அந்த மாதிரி நாங்க ரெண்டு பேரும் பின்னாடி இழுத்துப் பிடிச்சு நாலு கிளிப் போட்டோம். கழுத்துக்கிட்ட ஒண்ணு சதையைக் கவ்விடுச்சு. கத்தினான். சிரிச்சான்."

அவளுக்கு அந்த மூன்றாம் தேதி முழுசாக வந்து நின்றது. கரையில் நின்று ஃபோனை நீட்டி, "எப்படிடா கச்சிதமா இருக்கு, ஊத்தி வெச்ச மாதிரி!" என்று கத்தியிருந்தாள். பதினொரு படம் எடுத்தாள். எல்லாம் முன்பக்கம். அதில் ஒன்றைத்தான் வெட்டிப் பெரிதாக்கிச் சாவு வீட்டில் பூவுக்கு நடுவில் வைத்தாள். படம் எடுத்து முடிந்ததும் அவன் அவளைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்து கடலுக்குள் இறங்கினான். கோமாளித்தனம் என்று விழுந்து விழுந்து சிரித்தாள். "திரும்பி நடடா எருமை, விழுந்து தொலைப்பே!" என்றாள். அவன் முதுகைக் காட்டவே இல்லை.

அதற்குப் பத்து நாள் கழித்து, உடையைத் திருப்பி அனுப்புவதற்கு முன்பே, மூட்டு அறுந்தது.

கல் அவள் கையிலிருந்து நழுவி மணலில் விழுந்தது. அவள் கியோசவாவின் மேலிருந்து இறங்கவில்லை. எங்கே இறங்குவது என்று தெரியாதவள்போல அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அடிக்கக் கை பரபரத்தது. அடிக்க வேண்டியவன் அங்கே இல்லை.

"நீ அவனை விட்டிருக்கக் கூடாது" என்றாள்.

"கூடாது" என்றார் கியோசவா. "அதனாலதான் கடல்ல சொன்னேன். பொய் சொல்லல."

"என்கிட்டயாவது வந்து சொல்லியிருக்கலாம்."

"அவன் சொல்லாதேன்னான். செத்தப்புறம் சொன்னா, அந்த உடையை ஆர்டர் பண்ணினது நீதான்னு உன் மூஞ்சிக்கு நேரா சொல்றாப்பல ஆகாதா? என்னை அடிச்சிட்டாவது போகட்டும்னு இருந்தேன்." அவர் இருமினார், ரத்தமும் உப்புத் தண்ணீரும் வந்தது. "இவ்வளவு அடிப்பேன்னு நினைக்கல."

நிஷியோ தன் கோட்டைக் கழற்றி அவர் மேல் போட்டார். ஜட்டியோடு நின்று நடுங்கினார்.

தோமோயோ தன் கையைப் பார்த்தாள். முஷ்டியில் தோல் உரிந்து எலும்பு தெரிந்தது. இந்தக் கையால் தம்பியை எத்தனை அடித்திருப்பாள்! பரீட்சையில் தோற்றதற்கு, பொய் சொன்னதற்கு, காய்ச்சலோடு கடலுக்குப் போனதற்கு.

"உடை சரியில்லன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவன். நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?" என்றாள். "அடிப்பேன்னு பயந்தானா?"

கியோசவா இல்லையென்று தலையை மெல்ல ஆட்டினார்.

"உன் அடிக்கு அவன் எப்ப பயந்திருக்கான்? நீ அழுவேன்னு பயந்தான்."

தோமோயோ அழுதாள். தம்பி செத்ததற்கு அன்றுதான் முதன்முதலாக, தான் அடித்த மனிதரின் மார்பின் மேலேயே கவிழ்ந்து, வாய்விட்டு அழுதாள். உடைந்த தோள் அப்படி வலித்திருக்கும். ஆனாலும் கியோசவா அவளை நகரச் சொல்லவில்லை.